சத்தமில்லாமல் இறங்கிய பதினாலு

மார்ச் 4 — 11,600
ஆகஸ்ட் 19 — 11,600
டிசம்பர் 28 — 11,850
ஏப்ரல் 7 — 11,850
ஜூன் 22 — 12,400
ஆகஸ்ட் 16 — 14,900

இந்த ஆறு வரிகளும் ஒரு லாரிக் கம்பெனியின் பணிமனையில் இருந்த பச்சை அட்டைப் பதிவேட்டில் உள்ளவை. பதினாலாம் நம்பர் லாரிக்கு நாலு பக்கமும் பிரேக் லைனிங் மாற்றிய தேதியும், ஆன செலவும். எழுதியவர் அங்கே முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த பிரேக் மெக்கானிக். செலவைப் பார்த்தால் இதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அவர் பார்த்தது தேதிகளை. முதல் இரண்டுக்கும் நடுவில் நூற்று அறுபத்தெட்டு நாள். அடுத்தது நூற்று முப்பத்தொன்று. பிறகு நூறு. பிறகு எழுபத்தாறு. கடைசியில் ஐம்பத்தைந்து. மற்ற லாரிகளுக்கு அதே லைனிங் முந்நூறு நாளைக்குக் குறையாமல் வந்தது. இது மட்டும் யாரோ மாடியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி வருவதுபோல வந்துகொண்டிருந்தது.

பதினாலாம் நம்பரை ஓட்டியவர் அவருடைய ஒரே தங்கையின் கணவர்.

மெக்கானிக்கை எல்லாரும் மில்லி என்றே கூப்பிட்டார்கள். சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்புறம் உரசி வண்டியை நிறுத்துகிற பட்டைதான் லைனிங். அதன் கனத்தை அவர் மில்லிமீட்டரில்தான் சொல்வார். புதியது பதினெட்டு, ஆறுக்கு வந்தால் கழற்றிவிட வேண்டும். மற்ற மெக்கானிக்குகள் சக்கரத்தைக் கழற்றி, கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "இன்னும் ஓடும்" என்பார்கள். இவர் சட்டைப்பையிலிருந்து அளவுகோலை எடுத்து, ஒரு லைனிங்கை மூன்று இடத்தில் அளந்து, மூன்றையும் எழுதுவார். அப்பா எடைமேடையில் வேலை பார்த்தவர். பாரம் ஏற்றிய வண்டி மேடையில் ஏறி நின்றதும் முள் ஆடி அடங்கும்வரை மூச்சுவிடாமல் நிற்கிற அப்பாவைப் பார்த்துத்தான் அந்தப் புத்தி வந்தது என்று மனைவி சொல்வார். வீட்டில் குளியல் சோப்பு எத்தனை நாள் வருகிறது என்பதுகூட நாள்காட்டியின் ஓரத்தில் குறித்திருக்கும். "சோப்பை அளந்துக்கோங்க, அரிசியை அளந்துக்கோங்க. என் இடுப்புப் பக்கம் மட்டும் அந்தக் கோலை எடுத்துட்டு வந்துடாதீங்க" என்று மனைவி சொல்ல, பக்கத்து வீடுவரை சிரித்ததுண்டு.

அவருடைய பதிவேட்டில் ஒவ்வொரு லாரிக்கும் நாற்பத்தொரு கட்டங்கள். லைனிங், டிரம், ஸ்பிரிங், காற்றுக் குழாய், டயர், பேட்டரி. தேய்கிற எதுவும் அதில் விட்டுப்போகவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மலைக்கு மேலே சுண்ணாம்புக்கல் குவாரி, கீழே ஆலை. நடுவில் இருபத்திரண்டு கிலோமீட்டர் இறக்கம், பதினேழு கொண்டை ஊசி வளைவு. பணிமனை கடைசி வளைவுக்குக் கீழே, சாலையோரத்திலேயே இருந்தது. குவாரியிலிருந்து ஒவ்வொரு லாரியும் இருபத்தைந்து டன் கல்லோடு இறங்கும். அவ்வளவு பாரத்தை மலையடிவாரம்வரை பிரேக்கை மட்டும் மிதித்துக் கொண்டுவந்து சேர்க்க முடியாது. அதற்காகத்தான் லாரியில் வேறொரு ஏற்பாடு உண்டு.

புகை போகும் குழாயில், இன்ஜினைவிட்டுக் கொஞ்சம் தள்ளி, உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டத் தகடு இருக்கும். சும்மா இருக்கும்போது அது குழாயின் போக்கிலேயே படுத்திருக்கும். புகை அதன் இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருக்கும். டிரைவர் இடது காலடியில் உள்ள பட்டனை மிதித்தால், காற்றுச் சிலிண்டர் ஒரு தண்டைத் தள்ளும். தகடு எழுந்து குழாயை அடைத்துக்கொள்ளும். அதே நொடியில் டீசலும் நிற்கும். வெளியே போக வழியில்லாத காற்றைத் தள்ள முடியாமல் பிஸ்டன்கள் திணறும். அந்தத் திணறல் கியர் வழியாகச் சக்கரத்துக்குப் போய், லாரியைப் பின்னாலிருந்து பிடித்து இழுக்கும். எக்ஸாஸ்ட் பிரேக் என்பது இவ்வளவுதான். உரசல் இல்லை, சூடு ஏறி எரிவதில்லை, தேய்மானம் என்பதே இல்லை. லாரி கியரில் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. நியூட்ரலில் போட்டுவிட்டால் இன்ஜின் தனி, சக்கரம் தனி.

அந்தச் சத்தத்தை மில்லி பணிமனையில் இருந்தபடியே கேட்பார். மூக்கடைத்த மனிதர் தூக்கத்தில் முனகுவதுபோல ஒரு நீண்ட முனகல், மலையில் ஒவ்வொரு வளைவாக இறங்கி வரும். ஆறாம் நம்பருக்குக் கரகரப்பு அதிகம். பதினொன்று நடுநடுவே விக்கும். கம்பெனி புதிதாக வாங்கிய இரண்டு லாரிகளில் இன்ஜின் பிரேக் வேறு மாதிரி. பிஸ்டன் மேலே ஏறிக் காற்றை நன்றாக அமுக்கிய நொடியில் வால்வு திறந்து அதை வெளியே விட்டுவிடும். அமுக்கச் செலவான பலம் திரும்பி வராமல் அப்படியே போய்விடும். அதன் சத்தம் தகரக் கூரையில் பெரிய சுத்தியலால் தட்டுவதுபோல் இருக்கும். கடைசி வளைவையொட்டிய குடியிருப்பில் கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் கூடிப் போய் மனு கொடுத்தார்கள். "சத்தம் எழுப்பும் பிரேக்கைப் பயன்படுத்தாதீர்" என்று கடைசி வளைவில் பலகை வந்தது.

பதினாலாம் நம்பரைப் பற்றி மட்டும் யாரும் மனு கொடுக்கவில்லை. அது சத்தமே இல்லாமல் இறங்கும். திரும்பிப் பார்த்தால் பணிமனைக் கேட்டில் வந்து நிற்கும். அதனால் அதன் டிரைவருக்குப் பஞ்சு என்று பெயர் வந்தது. "பஞ்சு வந்தா பாப்பா முழிக்காது" என்று குடியிருப்புப் பெண்கள் கொண்டாடினார்கள். ஆளும் அப்படித்தான். அதிர்ந்து பேசமாட்டார், சிரிக்காமல் ஒரு வாய் டீ குடிக்கமாட்டார். தங்கைக்கு மில்லியே பார்த்து முடித்த மாப்பிள்ளை.

கம்பெனி ஊக்கத்தொகை அறிவித்தது முதல் வருடம் மார்ச் முதல் தேதி. டீசலை மிச்சம் பிடிக்கிற டிரைவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணம், வருடக் கடைசியில் சான்றிதழ். டீசல் கணக்கு அலுவலகத்தில் இருந்தது. லைனிங் கணக்கு பணிமனையில் இருந்தது. நடுவில் ஒரு முற்றமும் இரண்டு கதவும்.

ஆகஸ்ட் பதினாறாம் தேதி பதினாலாம் நம்பரின் சக்கரத்தைக் கழற்றியபோது டிரம்மின் உட்புறம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. லைனிங் கண்ணாடிபோல மினுங்கியது. கடைந்து சரிசெய்தால் டிரம்மின் கனம் குறையும் என்று தெரிந்தே கடைசல் போட்டார்கள். மறுநாள் காலை மில்லி முற்றத்தைத் தாண்டி அலுவலகத்துக்குப் போனார். டீசல் பதிவேட்டை வைத்திருந்த அம்மாளை டீசல் அக்கா என்பார்கள்.

"என்ன மில்லி அண்ணே, இந்தப் பக்கமெல்லாம் கால் வருது. மழை கொட்டப் போகுது."

"உங்க டீசல் நோட்டைக் கொஞ்சம் பார்க்கணும்."

"பாருங்க. பொண்ணு பார்க்கிற மாதிரி பார்த்துட்டு, வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்னு மட்டும் சொல்லாதீங்க." அக்கா பக்கத்தைத் திருப்பி வைத்தார். "பதினாலுதான் முதல் மார்க். அஞ்சு தடவை வரிசையா. உங்க மாப்பிள்ளையாச்சே, தலை நிமிர்ந்து நடக்கலாம்."

மில்லி தன் பச்சைப் பதிவேட்டைப் பக்கத்தில் விரித்தார்.

"எங்க நோட்டுல இவன்தான் கடைசி."

அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டையும் பார்த்தார். "ரெண்டும் ஒரே லாரியா அண்ணே?"

"ஒரே லாரிதான்."

மிச்சமான டீசல் ஏற ஏற, லைனிங் நாள் குறைந்துகொண்டே வந்தது. அக்காவின் முகத்தில் இருந்த விளையாட்டு போய்விட்டது. "இதை யாரும் இதுவரைக்கும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்ததில்லையே" என்றார்.

ஜூன் இருபத்தைந்தாம் தேதியே மில்லி லைனிங் சீக்கிரம் தேய்வதைப் பற்றித் தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். பதில் இல்லை. ஆகஸ்ட் பதினெட்டில் இரண்டாவது கடிதம், இந்த முறை இரண்டு கணக்கையும் ஒரே தாளில் எழுதி. மாப்பிள்ளையிடம் நேரே போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் கம்பெனி விதி மாறினால் எல்லாருக்கும் மாறும், ஒருவரிடம் சொன்னால் அது மாமன் மச்சான் சண்டையாகப் போகும் என்று நினைத்தார். எதையும் தாளில் தீர்த்துக்கொள்கிற பழக்கம் அவருக்கு. செப்டம்பர் ஆறாம் தேதி பதில் வந்தது. லைனிங் பணிமனையைச் சேர்ந்தது, டீசல் போக்குவரத்துப் பிரிவைச் சேர்ந்தது, ஒன்றோடொன்றைக் குழப்ப வேண்டாம் என்று மூன்று வரி.

செப்டம்பர் எட்டாம் தேதி மாலை தங்கை வீட்டுக்குப் போனார். முன்னறையில் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் சான்றிதழ், கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. தங்கை தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாப்ளே, எந்த வளைவுல நியூட்ரல் போடுற?"

பஞ்சு சிரித்தார். "யாரு வத்தி வச்சது?"

"லைனிங் சொல்லுச்சு."

"கேட்டியா," என்றார் மனைவியிடம், "உங்க அண்ணன்கிட்ட லைனிங் எல்லாம் வாய் திறந்து பேசுதாம். நாம பேசினாத்தான் காது கேக்காது."

"போன வருஷம் மார்ச்சில கடைசி மூணு வளைவு. டிசம்பர்ல பாதியிலேர்ந்து. இப்போ உச்சியிலேர்ந்தே. சரிதானே?"

பஞ்சு டம்ளரைக் கீழே வைத்தார். "உச்சியிலேர்ந்து இல்ல. ரெண்டாவது வளைவு."

தங்கையின் கத்தி நின்றது.

"நடுவுல ரெண்டு மேடு இருக்கில்ல மச்சான். உருட்டி விட்டா அந்த வேகத்துலயே மேடும் ஏறிடும். சொட்டு டீசல் செலவில்ல. பிரேக்கை அப்பப்போ தொட்டுக்குவேன். ரெண்டு வருஷமா ஒரு கோழிகூட என் லாரியில அடிபட்டதில்ல."

"தொட்டுக்கிறது ஒவ்வொரு தடவையும் சூடு. சூட்டுல டிரம் விரியும். விரிஞ்சா நீ எவ்வளவு மிதிச்சாலும் லைனிங் போய் எட்டாது. போன லைனிங் அம்பத்தஞ்சு நாள். இதே கணக்குல அடுத்தது நாப்பத்தொண்ணு. அதுக்கு அடுத்தது முப்பது. ஒரு நாள் அது ஒரு இறக்கத்துக்கே பத்தாது மாப்ளே."

"என்னண்ணா சொல்ற" என்றாள் தங்கை. கேள்வியாகக் கேட்கவில்லை.

"பயமுறுத்த வரல. நாளையிலேர்ந்து நாலாவது கியர்ல இறங்கு. பாரத்தோட எல்லாரும் அதுலதான் இறங்குறாங்க. பட்டனை மிதி, அது பிடிச்சுக்கும். பிரேக் பக்கமே கால் போக வேண்டாம்."

"போனஸ் போயிடும்."

"போகட்டும்."

"குடியிருப்புல பாப்பா எல்லாம் முழிச்சுக்கும்."

"முழிச்சுக்கட்டும்."

தங்கை கணவரைப் பார்த்தாள். "அண்ணன் சொல்றதைக் கேளுங்க. சொன்னா கணக்கோடதான் சொல்லும்."

பஞ்சு சான்றிதழைப் பார்த்தார். பிறகு வழக்கம்போலச் சிரித்தார். "சரி மச்சான். நாளைக்கு வாசல்ல நின்னு கேளுங்க. என் லாரியும் முனகும்."

மறுநாள் காலை பதினோரு மணிக்கு மில்லி கையில் இருந்த வேலையை வைத்துவிட்டுக் கேட் பக்கம் போய் நின்றார். முதலில் ஆறாம் நம்பர் கரகரத்தபடி வந்து போனது. பிறகு பதினொன்று. மணி 11.18-க்கு மலை மேலே, ஏழாவது வளைவுப் பக்கம், ஒரு இன்ஜின் சத்தம் கேட்டது. பதினாலுதான். பல மாதத்துக்குப் பிறகு அது அங்கே சத்தத்தோடு இறங்குகிறது. கியரில் வருகிறான் என்று நினைத்தபோது அவருக்குத் தோள் இரண்டும் தளர்ந்தன.

தளர்ந்த தோள் மறுபடி இறுகியது. வந்த சத்தம் முனகல் இல்லை. வெறும் இன்ஜின், கத்துகிற இன்ஜின். எட்டாவது வளைவில் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. குழாய் அடைபட்டிருந்தால் சத்தம் கம்மியிருக்க வேண்டும். இது தொண்டை திறந்து வந்தது. பட்டனை மிதிக்க மறந்துவிட்டானா? மிதித்தும் பிடிக்கவில்லையா? பாரத்தோடு நாலாவது கியரில் வருகிற லாரியை வெறும் இன்ஜினால் நிறுத்திவைக்க முடியாது. அதற்கு இரண்டாவது கியர் வேண்டும். இப்போது அந்த வேகத்தில் இரண்டாவதுக்கு மாற்றவும் முடியாது. மாற்றக் கியரை எடுத்தால் நியூட்ரல், திரும்பப் போய் விழாது. நாலாவது என்று சொன்னது யார் என்பது அவருக்கு அப்போதே நினைவுக்கு வந்துவிட்டது.

பத்தாவது வளைவில் ஹார்ன் அடிக்க ஆரம்பித்தது, விடவே இல்லை. காற்றில் கருகின லைனிங் நாற்றம் வந்தது. முப்பத்தொரு வருடமாகத் தெரிந்த நாற்றம். பதினாலாவது வளைவுக்குப் பிறகு ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் குடைந்தெடுத்த பாறைச் சுவர். ஹார்ன் பாறைப் பக்கமாகத் திரும்புவது கீழேயிருந்தே தெரிந்தது. பிறகு கல் சரிகிற சத்தம் நெடுநேரம் வந்தது. கேட்டில் நின்றவர்கள் ஓடினார்கள். மில்லி கேட்டிலேயே நின்றார். கையில் அளவுகோல் இருந்தது. மணி 11.28 என்று பேனாவால் உள்ளங்கையில் எழுதினார்.

பஞ்சு பிழைத்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

மறுநாள் நொறுங்கின லாரியின் புகைக் குழாயை மில்லி தானே கழற்றினார். உள்ளே அந்த வட்டத் தகடு போக்கிலேயே படுத்திருந்தது. கையால் அசைத்தார், அசையவில்லை. சுத்தியலால் தட்டினார். மாதக்கணக்கில் படிந்த புகைக்கரி அச்சைச் சுற்றிப் பாறைபோல் பிடித்திருந்தது. காற்றுச் சிலிண்டர் தள்ளியிருக்கிறது, தண்டு வளைந்திருந்தது, தகடு எழவில்லை. தினமும் மிதிக்கிற லாரியில் அது தானே அசைந்து அசைந்து கரியை உதறிக்கொள்ளும். மிதிக்காமலே விட்ட லாரியில் மாதம் ஒருமுறை யாராவது கையால் ஆட்டி, நாலு சொட்டு எண்ணெய் விட்டிருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.

பணிமனைக்கு வந்து பதிவேட்டைத் திறந்தார். நாற்பத்தொரு கட்டங்களையும் மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்தார். அந்தத் தகட்டுக்குக் கட்டம் இல்லை. அது தேயாத பொருள். அளக்க அதில் ஒன்றும் இல்லை. அதனால் அவர் கட்டம் போடவில்லை. பதினாலு சத்தமில்லாமல் இறங்கியதை ஒன்றரை வருடம் காதால் கேட்டவர், அந்தப் பட்டன் மாதக்கணக்கில் மிதிபடவில்லை என்று யோசிக்கவில்லை. நாற்பத்திரண்டாவது கட்டத்தை அன்று கோடு போட்டு வரைந்தார். அந்தக் கோடு ஒரு மில்லி சாய்ந்திருக்கிறது.

செப்டம்பர் பதிமூன்றாம் தேதி ஆஸ்பத்திரியில் பஞ்சு கண் விழித்துப் பேசினார். கட்டிலுக்கு இந்தப் பக்கம் மில்லி, அந்தப் பக்கம் தங்கை.

"நீங்க சொன்ன மாதிரியேதான் மச்சான். நாலாவது கியர். பட்டனை மிதிச்சேன். பிடிச்சுக்கும்னு சொன்னீங்களே, கொஞ்சம் லேட்டாப் பிடிக்கும்போலன்னு மிதிச்சுக்கிட்டே இருந்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "பாறையைப் பார்த்ததும் காலை இழுத்திருக்கலாம். இழுக்கல. கடைசிவரைக்கும் அதை விடவே இல்ல."

அவர் குறையாகச் சொல்லவில்லை. சொன்ன வேலையைச் செய்து முடித்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். தங்கை எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். "போய்ட்டு வாண்ணா," என்றாள் திரும்பாமல், "வேலை கிடக்கும்." சான்றிதழ் இன்றும் அந்த வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதைக் கழற்றச் சொல்லும் தைரியம் மில்லிக்கு வரவில்லை.

அதன் பிறகு அவர் தலைமை அலுவலகத்துக்கு நாலு கடிதம் எழுதினார். செப்டம்பர் 20, அக்டோபர் 15, நவம்பர் 30, ஜனவரி 4. ஒவ்வொன்றிலும் கேட்டது இரண்டில் ஒன்று. டீசல் ஊக்கத்தொகையை நிறுத்த வேண்டும். அல்லது இரண்டு பதிவேட்டையும் ஒரே மேஜையில் வைக்க வேண்டும். தகடு பிடித்திருந்ததையும் தன் பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லாமல் போனதையும் தன் தவறாகவே எழுதினார். கடைசிக் கடிதத்தோடு பழைய தகட்டின் படத்தையும், அதன் குறுக்களவைச் சேர்த்தே, வரைந்து அனுப்பினார்.

இதற்குள் பதினாலாம் நம்பரின் தடத்துக்குப் பதினெட்டாம் நம்பர் வந்துவிட்டது. ஓட்டுகிறவர் வேறொரு குவாரியிலிருந்து வந்தவர், நாற்பது வயது, நிதானமான ஆள். தகட்டை மில்லி மாதம் ஒருமுறை ஆட்டிப் பார்த்து எண்ணெய் விட்டார். தகடு நன்றாகத்தான் ஆடியது. ஜனவரி கடைசியில் டீசல் அக்கா முற்றத்தைத் தாண்டித் தானே பணிமனைக்கு வந்தார். ஒரு துண்டுத்தாளை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். பதினெட்டு, இந்த மூன்று மாதத்தில் இதுவரை முதலிடம்.

தபால்காரர் தலைமை அலுவலகத்தின் பதிலைக் கொண்டுவந்தபோது காலை பத்தரை. மில்லி உறையை ஓரமாகக் கத்தியால் வெட்டித் திறந்தார். "விசாரணை முடிவுற்றது. மேற்படி டிரைவர் பதினெட்டு மாதங்களாகத் தமது வழக்கப்படி ஓட்டியதில் விபத்து ஏதும் நிகழவில்லை. விபத்து நாளன்று மட்டும் பணிமனை ஊழியரின் ஆலோசனைப்படி ஓட்டும் முறையை மாற்றியதே காரணம் எனத் தெரியவருகிறது. பணிமனை ஊழியர்கள் இனி டிரைவர்களுக்கு ஓட்டும் முறை குறித்து ஆலோசனை கூறுதல் கூடாது. ஊக்கத்தொகைத் திட்டம் தொடரும். இது குறித்து மேற்கொண்டு கடிதப் போக்குவரத்து வேண்டாம்."

அவர் ஒருமுறைதான் படித்தார். வெளியே மலையில் ஆறாம் நம்பர் கரகரத்து இறங்கியது. பதினொன்று விக்கியபடி அதற்குப் பின்னால். அவை போன பிறகும் காதைக் கொடுத்து நின்றார். மேலே ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது பதினெட்டாம் நம்பர் இருபத்தைந்து டன் கல்லோடு கேட்டில் வந்து நின்றிருந்தது. டிரைவர் கை காட்டிவிட்டுப் போனார். லைனிங் நாற்றம் லேசாக வந்தது.

மில்லி பச்சைப் பதிவேட்டைத் திறந்து, கடிதத்தை அதில் வைத்து, மூலையில் எழுதினார்: வந்து சேர்ந்தது, பிப்ரவரி 3.